சேனலை ஏஜென்சியிடம் கொடுத்தால் வருமானம் கூடுமா?

கேள்வி: உடுமலைப்பேட்டையில் என் கணவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். கடையில் நடக்கும் வேலையை வீடியோ எடுத்து மூன்று வருடமாக யூடியூபில் போட்டு வருகிறேன். 61 ஆயிரம் சப்ஸ்கிரைபர்கள் இருக்கிறார்கள். மாதம் 14 முதல் 18 ஆயிரம் ரூபாய் வருகிறது. போன மாதம் ஒரு ஷார்ட்ஸுக்கு 11 லட்சம் வியூஸ் வந்தும் 900 ரூபாய்தான் கிடைத்தது. இப்போது ஒரு ஏஜென்சியிலிருந்து பேசுகிறார்கள். பல சேனல்களைச் சேர்த்து வைத்திருக்கும் அவர்கள் நெட்வொர்க்கில் என் சேனலையும் இணைத்தால் வருமானம் இரண்டு மடங்காகும், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமிலும் பணம் வர வைப்போம், அமெரிக்க வரியும் பிடிக்க மாட்டார்கள் என்கிறார்கள். அவர்களுக்கு 30 சதவீதம், ஒப்பந்தம் ஐந்து வருடம். சேனலைப் பார்த்துச் சொல்கிறோம் என்று கேட்டதால் சேனலுக்குள் அவர்களும் நுழைய மேனேஜர் அனுமதியும் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா, சார்?

பதில்: போட வேண்டாம், சகோதரி. காரணத்துக்குப் போவதற்கு முன்னால், உங்கள் மனதை அரித்துக்கொண்டிருக்கும் அந்த 900 ரூபாய்க் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஏஜென்சிக்காரர்கள் தூண்டிலில் மாட்டியிருக்கும் புழு அதுதான்.

நீளமான வீடியோவில் விளம்பரம் உங்கள் வீடியோவுக்கு உள்ளேயே ஓடுகிறது. அதற்கு வரும் பணத்தில் உங்களுக்கு 55 சதவீதம், யூடியூபுக்கு 45. ஷார்ட்ஸ் கதை வேறு. பார்ப்பவர் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது இரண்டு ஷார்ட்ஸுக்கு நடுவில் விளம்பரம் வருகிறது. அது யாருடைய வீடியோவால் வந்த விளம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் அந்தப் பணத்தையெல்லாம் ஒரே உண்டியலில் போடுகிறார்கள். பாட்டுகளின் உரிமைக்காரர்களுக்கு ஒரு பங்கு போகிறது. மீதியை ஒவ்வொரு நாட்டிலும் வந்த வியூஸ் கணக்குப்படி பிரித்து, உங்கள் பெயருக்கு விழுவதில் 45 சதவீதத்தைக் கொடுக்கிறார்கள். 2023 பிப்ரவரியிலிருந்து இதுதான் முறை. உங்கள் சேனலில் எந்தப் பழுதும் இல்லை. என்னிடம் வரும் கணக்குகளிலும் ஷார்ட்ஸுக்கு இதைப் போன்ற சின்னத் தொகைகளைத்தான் பார்க்கிறேன். எந்த ஏஜென்சியாலும் அந்த உண்டியலுக்குள் கைவிட முடியாது.

55 சதவீதமும் அப்படித்தான். அதை 60 ஆக்கித் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏஜென்சி எடுக்கும் 30 சதவீதம் யூடியூபின் பங்கிலிருந்து வருவதில்லை, உங்கள் பங்கிலிருந்து வருகிறது. விளம்பரதாரர் 100 ரூபாய் கொடுத்தால் உங்களுக்கு 55. அதில் 30 சதவீதம் என்றால் 16 ரூபாய் 50 காசு போய்விடும். கையில் நிற்பது 38 ரூபாய் 50 காசு. இன்று வரும் 18 ஆயிரம் நாளைக்கும் கையில் நிற்க வேண்டுமென்றால் சேனல் 25,700 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்க வேண்டும். அந்த வித்தியாசத்தை யார் உழைத்துக் கொண்டுவரப் போகிறார்கள்? நீங்கள்தான். காயில் சுற்றுவதும் கேமரா பிடிப்பதும் ராத்திரி எடிட் பண்ணுவதும் உங்கள் வீட்டில்தானே நடக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து, பணம் வரும் பாதை. இப்போது கூகுள் உங்கள் விளம்பரப் பணத்தைச் சேர்க்கும் ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்ததும் மாதத்தின் கடைசி வாரத்துக்குள் உங்கள் வங்கிக்கே பணம் வந்துவிடுகிறது. நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் பணம் முதலில் அவர்கள் கணக்குக்குப் போகும், அவர்கள் பார்த்து உங்களுக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் டெஃபி மீடியா என்று ஒரு பெரிய நெட்வொர்க் இருந்தது. 2018 நவம்பரில் திடீரென்று கதவைச் சாத்தினார்கள். அவர்களிடம் சேர்ந்திருந்த சேனல்காரர்களின் விளம்பரப் பணம் அப்படியே சிக்கிக்கொண்டது. யூடியூப் தன் பங்குக்குப் பணத்தைக் கொடுத்து முடித்திருந்தது. நடுவில் நின்றவனிடம் மாட்டிக்கொண்டார்கள். வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவர்களுக்கே அந்தக் கதி.

இந்த மாதிரி ஆட்கள் இத்தனை பேர் ஏன் கிளம்பியிருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது, அதை முதலில் சோதித்துப் பார்த்ததே இந்தியாவில்தான். வீடு இழந்த அத்தனை வீடியோக்காரர்களையும் தன் பக்கம் இழுக்க ஆளாளுக்குப் பணத்தை அள்ளி வீசினார்கள். 2021-இல் யூடியூப் ஷார்ட்ஸுக்கென்று 10 கோடி டாலர் நிதி அறிவித்தது. அதே வருடம் ஃபேஸ்புக் நிறுவனம் 100 கோடி டாலர் என்றது. ஆட்களைப் பிடித்ததும் போனஸ் நின்றது. ஷார்ட்ஸ் நிதிக்குப் பதிலாக நான் மேலே சொன்ன பங்கு முறை வந்தது, ரீல்ஸ் போனஸை 2023-இல் நிறுத்தினார்கள். உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் காட்டுகிறார்கள் என்றால் அதில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். பழைய போனஸ் காலத்துப் படத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் கடை விரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். போனஸ் என்பது கம்பெனி நினைத்தால் கொடுக்கும், நினைத்தால் நிறுத்தும். அதை நம்பி ஐந்து வருட ஒப்பந்தம் போடக் கூடாது. ஃபேஸ்புக்கில் உங்களுக்குப் பணம் வருமா என்று உங்கள் பக்கத்தின் புரொஃபஷனல் டேஷ்போர்டில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தகுதி இருந்தால் அங்கேயே காட்டும். உங்கள் வீடியோவை அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவதாகச் சொன்னால், அது அவர்கள் பிழைப்பதற்கு, உங்களுக்கு இல்லை.

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வங்கியில் 50 ரூபாய் குறைந்தால் மேனேஜர் மேசைக்குப் போய் நின்று கேட்கலாம். இத்தனை கோடிப் பேர் பார்க்கும் யூடியூபுக்கு நம் ஊரில் போய்க் கேட்க ஒரு கவுண்டர் உண்டா? ஆட்சென்ஸில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரியைச் சரிபார்க்க ஒரு தபால் அனுப்புகிறார்கள். ஓரத்தைக் கிழித்துத் திறக்கும் ஒரு வெள்ளைத் தாள், உள்ளே ஆறு இலக்க எண். பதிவுத் தபால்கூட இல்லை, சாதாரணத் தபால். கிராமத்தில் அது பலருக்கு வந்து சேர்வதே இல்லை. உடனே பக்கத்து பிரவுசிங் சென்டர்காரர், "என் அட்ரஸ் போட்டுக்கலாம் அக்கா, என் அக்கவுண்ட்லயே பணம் வரட்டும், மாசாமாசம் கையில கொடுத்துடறேன்" என்கிறார். நல்ல மனிதராகவே இருக்கட்டும். இரண்டு வருடம் கழித்து வருமானவரித் துறை அவரிடம் கேள்வி கேட்கும்போது, அது என் பணமில்லை என்று அவர் சொல்வார். சேனல் என்னுடையது என்று நீங்கள் சொல்வீர்கள். சேனல் எந்த ஜிமெயிலில் தொடங்கப்பட்டது என்று பார்த்தால் அதுவும் அவருடையதாக இருக்கும். என்னிடம் இப்படி வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. உங்கள் சேனல் யார் ஜிமெயிலில் இருக்கிறது, அதன் ரெக்கவரி போன் எண் யாருடையது என்று இன்றைக்கே பாருங்கள். கணவர் எண்ணாக இருந்தால் பரவாயில்லை. ஊரில் யாரோ ஒரு தம்பியின் எண்ணாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஏஜென்சியே கூடாதா என்றால், ஒரே ஒரு தரப்புக்கு நான் விலக்கு கொடுப்பேன். சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டுப் பாடுகிறவர்கள். அவர்கள் பாட்டை ஊரெல்லாம் கல்யாண வீடியோவிலும் திருவிழா வீடியோவிலும் பின்னணியில் போடுவார்கள். அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் தானாகக் கண்டுபிடித்து, அந்த வீடியோவின் விளம்பரப் பணத்தை உரிமைக்காரருக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டை யூடியூப் வைத்திருக்கிறது, பெயர் கண்டென்ட் ஐடி. அது பெரிய உரிமைக்காரர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும், தனி ஆள் கேட்டால் தர மாட்டார்கள். ஆகவே பாடகர்கள் ஒரு நிறுவனத்தின் மூலம் போவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அங்கேயும் எப்படிப் போவது என்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வள்ளி கும்மி ஆசிரியர், தானே பாட்டுக் கட்டிப் பாடுகிறவர், ஒரு நிறுவனத்தில் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் கழித்துப் போனை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மாணவிகளின் அரங்கேற்ற வீடியோ, அவருடைய சேனல், அவருடைய குரல். கீழே காப்புரிமைக் கோரிக்கை என்று வந்திருக்கிறது. பாட்டின் பெயராக அவர் வைத்த பெயரே இருக்கிறது, உரிமைக்காரர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர். "என் பாட்டைப் பாடறதுக்கு நானே இவங்ககிட்டக் கேக்கணுமா?" என்று கேட்டார். ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால், பாட்டின் முழு உரிமையும் நிரந்தரமாக அவர்களுக்கு என்று இருந்தது. எழுதியிருந்தது ஆங்கிலத்தில். பாடகர்கள் போடுவதானால் இந்த நாலு விஷயத்தையும் பேசி எழுதி வாங்க வேண்டும்: உரிமையை விற்கவில்லை, வசூலிக்க மட்டும் அனுமதி. காலம் ஒரு வருடம், அதன் பிறகு நான் சம்மதித்தால்தான் தொடரும். என் சொந்தச் சேனலுக்குக் கோரிக்கை போடக் கூடாது. சேனல் உங்கள் நெட்வொர்க்கில் சேராது, பாட்டு மட்டும்தான். நாலில் ஒன்றுக்கு மறுத்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும்.

உங்கள் வீடியோவில் பாட்டு இல்லை, வைண்டிங் மெஷின் சத்தம்தான் இருக்கிறது. உங்களுக்கு இது தேவைப்படாது. யாராவது உங்கள் வீடியோவை எடுத்துத் தன் சேனலில் போட்டால், யூடியூப் ஸ்டூடியோவில் காபிரைட் பகுதியிலேயே ஒத்த வீடியோக்களைக் காட்டும். அங்கிருந்தே நீக்கச் சொல்லலாம், செலவில்லை.

அமெரிக்க வரிக்கு வருவோம். 2021 ஜூன் முதல், அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்ததால் வரும் வருமானத்துக்கு மட்டும் கூகுள் வரி பிடிக்கிறது. ஆட்சென்ஸுக்குள்ளேயே டபிள்யூ-8பிஇஎன் என்ற படிவம் இருக்கிறது. பான் எண்ணைக் கொடுத்து, இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தச் சலுகையைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் 15 சதவீதம். படிவமே கொடுக்காவிட்டால் உங்கள் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிக்கலாம். வரியே இல்லாமல் வாங்கித் தருகிறேன் என்பது பொய். உங்கள் வீடியோவைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கே உள்ள விவசாயிகளும் மெக்கானிக்குகளும் என்றால், பிடிக்கும் தொகை மாதம் சில பத்து ரூபாயைத் தாண்டாது. இந்தப் படிவத்தை நிரப்ப 2,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன், கொடுக்காதீர்கள். சுமார் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்வார்கள். நீங்கள் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது, அதனால் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம், யூடியூப் வரவை உங்கள் வருமானவரிக் கணக்கில் கட்டாயம் காட்டுங்கள். கடையும் சேனலும் ஒருவர் பெயரில் இருந்தால், இரண்டின் வரவும் சேர்ந்து வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவும் பார்க்க வேண்டும். அந்த அளவு வரும்போது உள்ளூர் ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள்.

வருமானம் கூட வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. அதற்கு என் யோசனை இது. எட்டு நிமிடத்துக்கு மேல் போகும் வீடியோவின் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். எரிந்துபோன மோட்டாரைப் பிரிப்பதிலிருந்து ஓட விடுவது வரை முழு வேலையையும் ஒரே வீடியோவாகப் போடுங்கள். அந்த 11 லட்சம் ஷார்ட்ஸிலிருந்து அந்த நீள வீடியோவுக்கு இணைப்புக் கொடுங்கள். ஷார்ட்ஸ் உங்களுக்குப் பெயர்ப்பலகை மாதிரி, வியாபாரம் உள்ளேதான் நடக்க வேண்டும்.

இன்னொன்று. கோயம்புத்தூரில் எத்தனை பம்ப் கம்பெனிகள் இருக்கின்றன என்று உங்கள் கணவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மோட்டார் வாங்கப் போகிறவர்களும் ரிப்பேர் செய்கிறவர்களும் 61 ஆயிரம் பேர் உங்களிடம் இருக்கிறார்கள். பம்ப் கம்பெனிகளுக்கு அதைவிடச் சரியான விளம்பர இடம் கிடைக்காது. நீங்களே டீலர் மூலமாகப் பேசுங்கள், இடையில் ஆள் வேண்டாம். பணம் வாங்கினால் வீடியோவில் 'பெய்ட் ப்ரோமோஷன்' பெட்டியில் டிக் போடுங்கள், பார்ப்பவரிடம் மறைக்கக் கூடாது. மோட்டாரையே இலவசமாகக் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னால், வருடத்தில் அதன் மதிப்பு 20 ஆயிரத்தைத் தாண்டும்போது 10 சதவீதம் வரி பிடித்தம் உண்டு. இது 2022 ஜூலையிலிருந்து வந்த விதி.

இதையெல்லாம் அடுத்த வாரம்கூடச் செய்யலாம். அந்த மேனேஜர் அனுமதியை மட்டும் இன்றிரவே எடுத்துவிடுங்கள். மேனேஜராக இருப்பவர் உங்கள் வீடியோவை நீக்கலாம், வேறு ஆட்களையும் உள்ளே சேர்க்கலாம். கம்ப்யூட்டரில் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து, அமைப்புகளில் அனுமதிகள் என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே இருக்கும் மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அவர்களுடையது ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள், நீங்கள் சேர்க்காத இன்னொன்றும் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாத எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஜிமெயில் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.