கைநாட்டு

அன்புள்ள ஐயா,

ஃபிஜியின் தலைமை நீதிபதியாக இருந்த ஜான் கோரி பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். ஏழைகளின் நீதிபதி என்றீர்கள். ஆனால் அவரும் ஆங்கில ஆட்சியின் ஆள்தானே, அவரை நல்லவர் என்று எப்படிச் சொல்வது? இந்தியாவிலிருந்து அங்கே கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களும் சம்மதித்துத்தானே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்? நீதிபதி தேர்வுக்குப் படிக்கிறேன். இதைப் பற்றித் தமிழில் புத்தகம் உண்டா?

இளம் வக்கீல், மதுரை

அன்புள்ள தம்பி,

கடிதம் வந்த நேரம் நானும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை நூலகத்தில் கேளுங்கள். நல்லவரா கெட்டவரா என்ற பட்டிமன்றமும் எனக்கு வேண்டாம். 1865இல் ஜமைக்காவில் ஆளுநர் எயர் ராணுவச் சட்டம் போட்டு நானூறு பேருக்கு மேல் சாகடித்தார். லண்டனிலிருந்து போய், விசாரணைக் கமிஷன் முன்னால் செத்தவர்கள் பக்கம் நின்ற வக்கீல் கோரி. அப்புறம் மொரிஷியஸில் நீதிபதி, 1876 முதல் 1882 வரை ஃபிஜியில். வெள்ளைத் தோட்ட முதலாளிகளுக்கு அவர் பெயரே ஆகாது. அது எனக்குப் போதும்.

ஆனால் "சம்மதித்துத்தானே" என்று எழுதினீர்களே, அதை விடமாட்டேன். சட்டம் படித்த பிள்ளை எழுதுகிற வார்த்தையா இது?

கோரி மொரிஷியஸில் இருந்தபோதுதான், 1871இல், ஒப்பந்தக் காலம் முடிந்த பழைய இந்தியக் கூலிகள் 9,401 பேர் ஆளுநர் ஆர்தர் கார்டனிடம் மனுக் கொடுத்தார்கள். காலம் முடிந்த பிறகும் படம் ஒட்டிய பாஸ் இல்லாமல் நடமாட முடியாது என்று சட்டம் வைத்திருந்தார்கள். அங்கே நம் தமிழர்களும் நிறைய. கார்டனுக்கும் கோரிக்கும் எல்லாம் தெரியும். அதே கார்டன் ஃபிஜிக்கு ஆளுநராகப் போனார். 1875இல் தட்டம்மை வந்து நாற்பதாயிரம் ஃபிஜியர்கள் செத்திருந்தார்கள். மிச்சமிருப்பவர்களைத் தோட்டத்துக்குத் தரமாட்டேன் என்றார். நியாயம்தான். ஆனால் அவர்களுக்குப் பதிலாக 1879 மே மாதம் கல்கத்தாவிலிருந்து லியோனிடாஸ் கப்பலில் இந்தியக் கூலிகள் வந்தார்கள். அப்போது தலைமை நீதிபதி கோரி. கப்பலில் பெரியம்மையும் காலராவும் இருந்ததால், லெவுகா துறைமுகத்துக்கு எதிரே இருந்த குட்டித்தீவு யனுதா லைலையில் அவர்களை ஒதுக்கி வைத்தார்கள்.

ஒப்பந்தம் ஐந்து வருடம், ஆணுக்கு நாளுக்கு ஒரு ஷில்லிங். வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு முடியாது, கோர்ட்டுக்கு இழுப்பார்கள். அபராதம், இல்லையென்றால் ஜெயில். அக்ரிமென்ட் என்ற சொல் அவர்கள் வாயில் கிர்மிட் ஆனது. நம் பக்கத்துக் கப்பல்கள் 1903இலிருந்து போயின. அந்தத் தாளில் இருந்ததை எத்தனை பேரால் படிக்க முடிந்திருக்கும், சொல்லுங்கள்? சம்மதம் என்கிறீர்கள். எதற்குச் சம்மதம்?

எனக்கு எட்டு வயது. அப்பத்தா முந்தானையைப் பிடித்துக்கொண்டு பத்திர ஆபீஸ் வாசலில் நின்றேன். கடனுக்குத்தான் பத்திரம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். ஒருவர் அவள் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தித் தாளில் உருட்டினார். அவள் விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். நரைமுடியில் நீலமாக ஒரு கோடு. மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அது கிரயப் பத்திரம்.

வழக்கு நடந்தது. கூண்டில் ஏறியவளிடம் தாளைக் காட்டி, "இது உங்கள் கைரேகைதானே?" என்று கேட்டார்கள். "ஆமாஞ்சாமி" என்றாள். அவ்வளவுதான். "படிச்சுக் காட்டினாங்களா பாட்டி?" என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.