ஸ்னூக்கர் பந்தயத்துக்குக் கொடுத்த செக், இப்போது கடன் நோட்டீஸ்!

கேள்வி: கோவையில் ஒரு ஸ்னூக்கர் பார்லருக்குப் போவேன். தோற்றவர் டேபிள் காசு கட்டுவது வழக்கம். பழகிய ஒருவர் இரண்டு நாள் வேண்டுமென்றே தோற்றுக் காட்டினார். மூன்றாம் நாள் எனக்கு 20 பாயின்ட் ஸ்டார்ட் (முன்னிலை) கொடுத்து, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் (ஆட்டத்துக்கு ஆட்டம்) பந்தயத்தை ‘டபுள்’ ஏற்றி, ரூ.80,000 தோற்கவைத்தார். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதில் ரூ.2 லட்சம் எழுதி வங்கியில் போட்டுவிட்டு, ‘கைமாற்றுக் கடன்’ என்று வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: அவர் திறமையை ஒளித்து ஆடியதை மறந்துவிடுங்கள். கோர்ட்டுக்கு அந்தக் கதை வேண்டாம். கேட்கப்போவது ஒன்றுதான்: அந்த செக் பந்தயத்துக்குக் கொடுத்தது என்பதற்கு என்ன ஆதாரம்?

ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவின்படி பந்தயப் பணத்தைக் கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது. ஸ்னூக்கர் திறமை விளையாட்டு என்பதால் இது மாறாது. ஆனால் செக்கில் உங்கள் கையெழுத்து இருந்தால், கடனுக்காகக் கொடுத்தது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது உங்கள் பொறுப்பு. தொகையை அவர்தானே எழுதினார் என்ற வாதமும் எடுபடாது. 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

என் கட்சிக்காரர்கள் விழுவது இதற்குப் பிறகுதான். நோட்டீஸைப் பார்த்த பதற்றத்தில் “அண்ணா, ரெண்டு மாசம் டைம் குடுங்க, செட்டில் பண்ணிடறேன்” என்று வாட்ஸ்அப் போடுவார்கள். ஜிபேயில் பத்தாயிரம் அனுப்புவார்கள். இரண்டும் கடனை ஒப்புக்கொண்டதாகத்தான் கோர்ட்டில் வந்து நிற்கும். இன்னும் சிலர் ‘செக் தொலைந்துவிட்டது’ என்று பதில் கொடுத்துவிட்டு, குறுக்கு விசாரணையில் மாட்டுவார்கள். நோட்டீஸ் வந்த பிறகு கொடுக்கும் மோசடிப் புகாரைத் தப்பிக்கச் செய்த வேலை என்றே எதிர்த்தரப்பு சொல்லும்.

இன்னொன்று. டேபிள் அருகே நின்ற யாரிடமாவது காசு வாங்கி ஆடினீர்களா? அந்தக் கடன் வேறு கணக்கு. பந்தயம் செல்லாதே தவிர சட்டவிரோதம் ஆகாது என்று 1959-இல் கெருலால் பாரக் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. பந்தயம் கட்டத்தான் வாங்கினேன் என்று சொல்லி அவரைத் தட்டிக்கழிக்க முடியாது.

‘டபுள்’ பேசிய சாட் போனில் இருந்தால் அழிக்காதீர்கள், தைரியமாக நிற்கலாம். பதில் நோட்டீஸில் உண்மையை எழுதி, 2 லட்சம் ரொக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் கொடுத்தார் என்று கேளுங்கள்.

சாட் இல்லை, சாட்சி சொல்ல ஆளும் இல்லை என்றால் ரூ.80,000-க்குள் பேசி முடியுங்கள், அதுவும் வக்கீல் மூலமாக. பணம் ஒரு கையில், செக் மறு கையில். ‘செக்கை நாளைக்குத் தருகிறேன்’ என்றால் பணத்தோடு எழுந்து வந்துவிடுங்கள்.