சிக்னல் யாரைக் கணக்கில் வைக்கிறது?

ஸ்மார்ட் சிட்டி பற்றியும் செயற்கை நுண்ணறிவு பற்றியும் இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நகர்ப்புறத் திட்டமிடல் பாடம் நடத்துகிறவன் நான். அதனால் கணினிப் பக்கத்தைவிடத் தெருப் பக்கத்திலிருந்தே பதில் வரும்.

கேமரா, சென்சார், பெரிய திரை வைத்த கட்டுப்பாட்டு அறை. ஸ்மார்ட் சிட்டி என்றால் இவ்வளவுதானா?

டெண்டர் போட்டு வாங்க முடிவது இவ்வளவுதான். அதனால்தான் எங்கே பார்த்தாலும் இதுவே கண்ணில் படுகிறது.

கணக்குப் போட்டு நகரத்தை நடத்தும் ஆசை ஒன்றும் புதிதல்ல. 1960களின் இறுதியில் நியூயார்க் நகரம் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து தீயணைப்புத் துறைக்குக் கணித மாதிரிகளை உருவாக்கியது. வண்டி எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்பதுதான் முக்கிய அளவுகோல். 1970களின் தொடக்கத்தில் அந்தக் கணக்கைக் காட்டிச் சில தீயணைப்புக் குழுக்களைக் கலைத்தார்கள். தீ அடிக்கடி பிடிக்கும் ஏழைப் பகுதிகளும் அதில் மாட்டிக்கொண்டன. முதல் வண்டி சீக்கிரம் வருகிறதா என்பது ஒரு கேள்வி. ஒரே இரவில் நாலு இடத்தில் தீ பிடித்தால் அனுப்ப வண்டி மிச்சம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. எளிதாக அளக்க முடிந்தது முதல் கேள்வியைத்தான்.

சிக்னல்களைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்தால் நெரிசல் குறையுமா? இதில் நெறி, அறம் என்று பேச என்ன இருக்கிறது?

குறையலாம், கொஞ்ச காலத்துக்கு. சாலை சுலபமாகிவிட்டது என்று தெரிந்ததும் பேருந்தில் போனவர் காரை எடுப்பார், வேறு நேரத்தில் கிளம்பியவர் உச்ச நேரத்துக்கு வருவார். அந்தோனி டவுன்ஸ் என்ற பொருளியலாளர் 1962லேயே இதை எழுதிவிட்டார். மென்பொருள் மாறினாலும் மனிதர்கள் அதையேதான் செய்கிறார்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. சிக்னல் மென்பொருளிடம் ஏதாவது ஒன்றைக் குறைக்கச் சொல்ல வேண்டும். எதைக் குறைக்கச் சொல்வீர்கள்? வண்டிகள் காத்திருக்கும் மொத்த நேரத்தை என்றால், ஒருவர் போகும் காரும் ஒரு வண்டிதான், அறுபது பேர் போகும் பேருந்தும் ஒரு வண்டிதான். நடந்து போகிறவர் அந்தக் கணக்கில் ஆளே இல்லை, இடைஞ்சல் மட்டும்தான்.

ஒரு சின்னக் கணக்கு. பிரிட்டனில் பாதசாரி சிக்னலுக்கு, மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்து நேரம் போடுவது வழக்கம். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களை அளந்து பார்த்த ஆய்வு 2012ல் வந்தது. ஆண்களின் சராசரி நொடிக்கு 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8. பன்னிரண்டு மீட்டர் சாலையைக் கடக்க 1.2 என்ற வேகத்தில் 10 நொடி போதும். 0.8 வேகத்தில் நடக்கும் மூதாட்டிக்கு 15 வேண்டும். மிச்ச ஐந்து நொடி அவர் சாலை நடுவில்தான் நிற்பார். இத்தனைக்கும் இதில் செயற்கை நுண்ணறிவே கிடையாது, வெறும் ஒரு எண்தான். இப்போது அந்த மாதிரி எண்கள் பயிற்சித் தரவுக்குள், அதாவது மென்பொருள் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பழைய பதிவுகளுக்குள், போய் ஒளிந்துகொள்கின்றன. முன்பாவது விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடிந்தது.

பெயரை நீக்கிவிட்டுத்தான் தரவைச் சேகரிக்கிறோம் என்கிறார்கள். அப்புறம் என்ன பயம்?

பெயர் இல்லாவிட்டாலும் நீங்கள் போய்வரும் வழி உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசி இடத் தரவை வைத்து 2013ல் ஓர் ஆய்வு வெளியானது. எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நாலே நாலு புள்ளி தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிடலாம் என்று அது காட்டியது. வீடு, வேலை இடம் இரண்டும் யாருக்கும் தெரியும். இன்னும் இரண்டு புள்ளி கிடைப்பது எவ்வளவு கஷ்டம், நீங்களே யோசியுங்கள்.

2014ல் நியூயார்க் டாக்சிப் பயணத் தரவு வெளியானபோது வண்டி எண்களை மறைத்துத்தான் கொடுத்தார்கள். மறைத்த முறை பலவீனமாக இருந்ததால் அதைச் சீக்கிரமே உடைத்துவிட்டார்கள். ஆகவே "பெயர் இல்லை" என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். அழித்த தரவு கசியாது.

தெருவிளக்கில் கேமரா வைத்தால் குற்றம் குறையுமே, எதிர்ப்பது ஏன்?

எதற்கு என்று சொல்லி வைக்கிறார்கள், பிறகு எதற்குப் பயன்படுகிறது என்ற இடைவெளிதான் பிரச்சினை. சான் டியாகோவில் 2016ல் ஸ்மார்ட் தெருவிளக்குத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மின்சாரம் மிச்சமாகும், போக்குவரத்தை எண்ணலாம் என்பதே அப்போது சொன்ன காரணம். 2018ல் காவல்துறை அந்த வீடியோவை விசாரணைக்கு எடுக்கத் தொடங்கியது. ஊருக்கு விஷயம் பரவிய பிறகு எதிர்ப்பு கிளம்பி, 2020ல் கேமராக்களை அணைக்க உத்தரவு வந்தது. கேமரா கெட்டது என்று நான் சொல்லவில்லை. விளக்கு என்று சொல்லிக் கேமராவை வாங்கியதுதான் தப்பு.

முகத்தை வைத்து ஆளைத் தேடும் மென்பொருள் வேறு விவகாரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. பொது இடங்களில் நேரலையாக முகத்தை வைத்து ஆள் தேடுவதைக் காவல்துறைக்கு, சில விதிவிலக்குகள் தவிர, அது தடை செய்கிறது.

டொரன்டோ திட்டம் ஏன் நின்றுபோனது?

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் சைட்வாக் லேப்ஸ், 2017ல் ஏரிக்கரையில் 12 ஏக்கரில் ஒரு ஸ்மார்ட் குடியிருப்புப் பகுதியை உருவாக்கத் தொடங்கிய முயற்சி அது. 2020 மே மாதம் கைவிட்டபோது பொருளாதார நிலையின்மையைக் காரணம் சொன்னார்கள். பணம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2018லேயே அந்தரங்கப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த ஆன் கவூகியன் விலகிவிட்டார். சேகரிக்கும் இடத்திலேயே அடையாளத்தை நீக்க வேண்டும் என்றார் அவர். திட்டத்தில் சேரும் மற்ற நிறுவனங்களை அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று பதில் வந்தது. அந்தத் தரவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஊர் மக்கள் நம்பும்படி கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

ஆப் வழியாகப் புகார் வாங்கினால் எல்லோருக்கும் சமமான சேவை கிடைக்குமா?

ஆப் வைத்திருக்கும் எல்லோருக்கும் கிடைக்கும்! பாஸ்டனில், காரில் போகும்போது குலுங்குவதைக் கைபேசியே உணர்ந்து சாலைப் பள்ளத்தைப் பதிவு செய்யும் ஆப் ஒன்று வந்தது. நல்ல யோசனை. ஆனால் ஸ்மார்ட்போனும் காரும் குறைவாக உள்ள தெருவில், பள்ளம் இருந்தாலும் பதிவாகாது. புகார் வராத வார்டைப் பார்த்தால் அங்கே பிரச்சினை இல்லை என்று எழுதாதீர்கள், போய்ப் பாருங்கள்.

என் ஊரில் அல்காரிதம் எடுத்த முடிவை நான் எப்படிக் கேள்வி கேட்பது?

முதலில் அந்த அல்காரிதம், அதாவது முடிவெடுக்கும் கணினிக் கணக்கு, இருப்பதே தெரிய வேண்டும். ஆம்ஸ்டர்டாமும் ஹெல்சிங்கியும் 2020ல், தாங்கள் பயன்படுத்தும் அல்காரிதங்களைப் பொதுப் பட்டியலாக வெளியிட்டன. நீதிமன்றமும் ஒரு வழி. நலத்திட்ட மோசடியைக் கணிக்க நெதர்லாந்து அரசு வைத்திருந்த சிரி (SyRI) என்ற முறை ஏழைக் குடியிருப்புகளைக் குறிவைத்தே இயங்கியது. எப்படி முடிவெடுக்கிறது என்று வெளியே சொல்லவும் இல்லை. 2020 பிப்ரவரியில் ஹேக் நீதிமன்றம் அது மனித உரிமைக்கு விரோதம் என்று நிறுத்தியது.

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் எழுத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த முடிவை மாற்ற அதிகாரம் உள்ள மனிதர் யார்? இதுவரை எத்தனை முறை மாற்றியிருக்கிறார்? ஒருமுறைகூட இல்லை என்றால் அந்த மேற்பார்வை காகிதத்தில் மட்டும்தான்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் நகரத் திட்டமிடுபவர் தேவையா?

வரைபடம் போட மட்டும் தெரிந்தவருக்குச் சிரமம்தான்.

இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய என்ன படிக்க வேண்டும்?

புள்ளியியல் கட்டாயம். நிரல் எழுதக் கொஞ்சம் தெரிந்தால் போதும், ஆனால் பிறர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவதை யாரும் சொல்லித்தருவதில்லை: ஒப்பந்தம் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தரவு யாருடையது, ஒப்பந்தம் முடிந்ததும் எங்கே போகும், மென்பொருளை வெளியாள் சோதிக்கலாமா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும், பெரும்பாலும் பின்னிணைப்பில். என் மாணவர்களை முதல் பருவத்தில் ஒரு சாலைச் சந்திப்புக்கு நிறுத்தக் கடிகாரத்தோடு அனுப்புவேன், இரண்டாம் பருவத்தில் ஓர் ஒப்பந்தத்தைக் கையில் கொடுப்பேன். இரண்டாவதற்குத்தான் முணுமுணுப்பு அதிகம்.