கோலாலம்பூரில் கணவர், 11 நாளாக போன் இல்லை

கேள்வி: என் கணவர் செந்தூலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறார். 11 நாளாக அவருடைய போன் ஆஃப். கேட்டால், "சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்" என்கிறார் முதலாளி. இராமநாதபுரத்தில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?

பதில்: சகோதரி, இங்கே ஒரு தொழிலாளியின் போன் திடீரென்று அடங்கினால் எனக்கு முதலில் வருவது குடிநுழைவுத் துறையின் (இமிகிரேஷன்) தடுப்பு முகாம் நினைப்புதான். சோதனையில் பிடித்து லாரியில் ஏற்றும்போதே போன் கையை விட்டுப் போய்விடும். குடிநுழைவுக் குற்றத்துக்காகப் பிடிபட்ட வெளிநாட்டவரை 14 நாள் வரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமல் வைத்திருக்க மலேசியச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் 11 நாள் அதற்குள் அடங்குகிறது.

அதனால் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு இன்றே மின்னஞ்சல் போடுங்கள். இந்திய வெளியுறவு அமைச்சின் 'மதத்' (MADAD) இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். சுற்றுலாவுக்கு வந்து வேலை பார்த்தவர் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மானத்துக்குப் பயந்து மறைத்தால் தேட வேண்டிய இடத்தில் தேட மாட்டார்கள்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் ஊர் முருகேசனை இங்கே ஒரு குமாஸ்தா மூன்று விதமாக எழுதுவார். அப்பா பெயர் முன்னால் வரும், பின்னால் வரும், சில சமயம் வரவே வராது. பாஸ்போர்ட் எண் ஒன்றுதான் மாறாது. நகல் இல்லையா? டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட்டிடம் கேளுங்கள், கணவருடைய பழைய வாட்ஸ்அப் படங்களைப் புரட்டுங்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தால் தூதரகத்திடம் அதையும் எழுதுங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இங்கே 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அப்புறம் போலீஸ். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வெறும் பேச்சு. எந்தக் காவல் நிலையத்திலும் உடனே புகார் கொடுக்கலாம். சிக்கல் வேறு. கூட தங்கியிருப்பவர்களுக்கு பெர்மிட் இல்லையென்றால் ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே பயப்படுவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிடித்து அனுப்புங்கள். புகாரின் நகலை வாங்கி, அதன் எண்ணைத் தூதரகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதே ஆள் பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை போய், அடையாளம் தெரியாமல் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றி விசாரிக்கட்டும். சவக்கிடங்கிலும் கேட்கத்தான் வேண்டும். இதை எழுத எனக்கே கை வரவில்லை. கணவரின் பிரிபெய்டு எண்ணுக்கு ஒரு டாப்-அப்பும் போடச் சொல்லுங்கள், எண் செத்துவிடக் கூடாது.

பேஸ்புக்கில் படம் போடுவதாக இருந்தால் பாஸ்போர்ட் பக்கத்தைப் போடாதீர்கள். உடம்பில் உள்ள ஒரு தழும்பையோ மச்சத்தையோ வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். "ஆள் எங்களிடம்தான் இருக்கிறார், 5,000 ரிங்கிட் அனுப்பு" என்று எவனாவது கட்டாயம் கூப்பிடுவான். தழும்பு எந்தக் கையில் என்று அவன் முதலில் சொல்லட்டும்.