வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்: ஏர்சாஃப்ட் பேட்டரி கேள்வி பதில்

டர்பனில் கார் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். வார இறுதியில் நண்பர்களின் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளை, அதாவது பேட்டரியில் ஓடி பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகளை, பழுது பார்ப்பதும் உண்டு. வயர், கனெக்டர் பற்றி மட்டும் கேளுங்கள். கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் தம்பி: அண்ணா, பேட்டரி வயரில் டீன்ஸ் வகை கனெக்டரை நானே சால்டர் பண்ணினேன் (ஈயம் உருக்கி ஒட்டினேன்). மூன்றே ஆட்டத்தில் வயர் அறுந்துவிட்டது. சால்டர் சரியில்லையா?

அறுந்த முனையைப் பாருங்கள். சால்டர் கனெக்டரில் அப்படியே இருக்கும். அறுந்தது அதற்குச் சற்றுத் தள்ளி. திரியில் எண்ணெய் ஏறுவது போல ஈயம் செம்பு இழைகளுக்குள் ஏறிவிடும். ஏறிய தூரம் வரை வயர் விறைத்துப்போகும், அதற்கப்பால் துவளும். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் மடிவது அந்த எல்லையில்தான். ஒவ்வோர் இழையாகப் போகும்.

அதனால் சூடு வைப்பதைச் சீக்கிரம் முடியுங்கள். உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் விறைப்பு முடியும் இடத்தையும் தாண்டிப் போர்த்துங்கள். குழாயை முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள். சால்டர் முடிந்த பிறகு அதை மேஜையில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவன் நான். பேட்டரிப் பக்க வயர் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வெட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து வெட்டினால் கட்டரின் வாயிலேயே ஷார்ட் ஆகும். அப்புறம், கழற்றும்போது கனெக்டரைப் பிடியுங்கள், வயரை அல்ல.

ஃபீனிக்ஸ்: ஸ்டாக் (துப்பாக்கியில் தோளில் அணைக்கும் பின்பகுதி) குழாய்க்குள் பேட்டரி இறுக்கமாக இருக்கிறது. அமுக்கி மூடலாமா?

கூடாது. சின்ன பேட்டரி வாங்குங்கள். சிலிகான் உறை வயர் போட்டு, ஒரு வளைவு அளவுக்குத் தொய்வு விடுங்கள்.

வெருலம்: மினி தமியா கனெக்டர் சூடாகிறது.

உள்ளே பிடி தளர்ந்திருக்கும். எக்ஸ்டி30 வகை கனெக்டர் போடுங்கள். பேட்டரிப் பக்கம் பெண் கனெக்டர் (துளை உள்ளது). ஆண் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எதன் மேலாவது பட்டு ஷார்ட் ஆகும்.

லெனேஷியா: விமானத்திலேயே கிரிம்ப்தான் (உலோக முனையை நசுக்கி வயரைப் பிடிக்க வைப்பது). சால்டர் எதற்கு?

ஆகா, வந்துவிட்டீர்கள். அதிரும் இடத்தில் கிரிம்ப் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். தமியா கனெக்டருக்குள் இருக்கும் உலோக முள்ளைப் பாருங்கள்: முன் இறகுகள் செம்பைப் பிடிக்கும், பின் இறகுகள் உறையைப் பிடிக்கும். இழுப்பைத் தாங்குவது பின்ஜோடிதான். ஆனால் அதற்குரிய கருவி வேண்டும். நீங்கள் பற்குறட்டால் நசுக்குவதற்குப் பெயர் கிரிம்ப் அல்ல.

வெருலம்: கிரிம்ப் பண்ணி மேலே சால்டரும் வைத்தால் இரட்டை உறுதிதானே?

இரட்டை விறைப்பு! சாட்ஸ்வொர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

லெனேஷியா: அப்படியானால் சால்டரே தப்பு என்கிறீர்கள்.

இல்லை ஐயா. எக்ஸ்டி, டீன்ஸ் எல்லாம் சால்டருக்கென்றே செய்தவை, கிரிம்ப் பண்ண அதில் இடமே கிடையாது. இணைப்பு எதுவானாலும், அதன் பின்னால் வயரை யார் தாங்குகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. கடலோரத்தில் இன்னொன்றும் உண்டு: உறையை உரித்ததும் செம்பு பச்சை பூத்திருந்தால் சால்டரும் ஒட்டாது, கிரிம்பும் நிற்காது. பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். வயர் குட்டையாகிவிட்டால் புதிதாகப் போடுங்கள், இழுத்துக் கட்டாதீர்கள்.

டோங்காட்: வீங்கிய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம்.

ஃபீனிக்ஸ்: கனெக்டர் இறுகிவிட்டது. வயரைப் பிடித்து இழுக்கலாமா?

தலைப்பைப் படித்தீர்களா?

ஃபீனிக்ஸ்: பேலன்ஸ் வயரை (செல்களைச் சமமாகச் சார்ஜ் செய்ய உதவும் வயர்)?

அது இன்னும் மெல்லியது. அதையும் முனையிலுள்ள வெள்ளைக் கனெக்டரைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும்.