ஜூடோவில் குனிந்து வணங்குவது, வன்முறையை மறைக்கும் வெறும் சடங்குதானா?

இல்லை என்பதே என் பதில். ஆயினும், அந்த வணக்கம் ஒருபக்கமாக மட்டும் செலுத்தப்படும் இடங்களில் உங்கள் ஐயம் மெய்யாகிவிடுகிறது.

ஜூடோ வன்மையான விளையாட்டுத்தான். அதில் ஒருவரை முழு விசையோடு முதுகு படும்படி எறிகிறோம்; கழுத்தை நெரிக்கிறோம்; முழங்கையை எதிர்ப்புறமாக மடக்குகிறோம். இவற்றை நாள்தோறும் பழக முடிவதற்குக் காரணம், எதிரே நிற்பவர் நம்மை நம்பித் தம் உடலை ஒப்படைப்பதுதான். எறிபவர் எதிராளியின் சட்டைக் கையை விடாமல் மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பதால் விழுபவரின் தலை தரையில் மோதாமல் காக்கப்படுகிறது. பிடிபட்டவர் 'போதும்' என்று கையால் தட்டிய கணமே பிடி தளர்ந்தாக வேண்டும். வணக்கத்தில் அளிக்கும் வாக்கை நிறைவேற்றுவது இந்தச் செயல்களே என்று நான் கருதுகிறேன். 1882-இல் கோடோகன் என்னும் பயிற்சிப் பள்ளியை நிறுவி ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, குத்தையும் உதையையும் தடையற்ற பயிற்சியில் சேர்க்காமல், முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட 'கதா' பயிற்சிகளில் மட்டும் வைத்ததும் இந்த அக்கறையோடு பொருந்துகிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அகியோ காமினாகாவை வென்ற நெதர்லாந்து வீரர் ஆன்டன் கீசிங்க், மகிழ்ச்சியில் களத்துக்குள் ஓடிவர முயன்ற தம் நாட்டினரைக் கையை உயர்த்தித் தடுத்ததை இன்றும் ஜூடோ பயில்வோர் மதிப்போடு பேசுகின்றனர்.

ஆனால் ஜப்பானிலேயே, தேசிய மகளிர் அணியைச் சேர்ந்த 15 பேர், பயிற்சியின்போது அறையப்பட்டதாகவும் மூங்கில் வாளால் அடிக்கப்பட்டதாகவும் ஒலிம்பிக் குழுவிடம் முறையிட்ட செய்தி 2013 ஜனவரியில் வெளியாகி, தலைமைப் பயிற்சியாளர் பதவி விலக நேர்ந்தது. 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தனர் என்பது இதனினும் கொடியது; தலைக்காயமே பெரும்பாலும் காரணம். அங்கெல்லாம் வணக்கத்திற்குக் குறைவிருந்ததில்லை. இளையவர் மூத்தவரை ஆழக் குனிந்து வணங்கினார். அந்த இளையவரின் உடலைக் காக்கும் கடமைதான் மூத்தவரிடம் இல்லாமற்போனது. களத்தில் 'போதும்' என்று தட்டும் உரிமை எவருக்கும் உண்டு. ஆசிரியரிடம் அதே சொல்லைச் சொல்ல முடியாதபோது ஒழுங்கு என்பது அடிப்பவருக்கே கவசமாகிறது.

பயிற்சியில் சேர எண்ணினால், முதலில் ஒரு வகுப்பை அமர்ந்து பாருங்கள். புதியவர்களை எறிவதற்கு முன் விழும் முறையைப் பொறுமையாகக் கற்றுத்தருகிறார்களா, உடல் எடை மிகுந்தவர், எதிராளி தட்டியவுடன் பிடியை விடுகிறாரா என்று கவனியுங்கள். தலையில் அடிபட்டவரை எழுப்பி மீண்டும் பயிற்சிக்கு நிறுத்தும் இடமாயின், அங்கு சேர வேண்டாம்.