ஓவர்டிரைவ் பெடல் மேடையில் ஏன் கீச்சிடுகிறது?

கேள்வி: மயிலாடுதுறையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறேன். வீட்டில் சிறிய ஆம்ப்ளிஃபையரில் இனிமையாக ஒலிக்கும், கிடாருக்குக் கரகரப்பு சேர்க்கும் ஓவர்டிரைவ் பெடல், ஐப்பசியில் கடைமுகத் திருவிழாவை ஒட்டி நடந்த கச்சேரியில் வண்டு குடைவதுபோல் கீச்சிட்டது. மேடையில் ஆம்ப்ளிஃபையர் கிடையாது. பெடலிலிருந்து நேராக மிக்ஸருக்குத்தான். கெயின், டோன் குமிழ்கள் இரண்டையும் எங்கே வைப்பது?

பதில்: ஆம்ப்ளிஃபையர் கிடையாது என்றீர்களே, சிக்கலே அதுதான். கிடார் ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும். பெடல் உண்டாக்கும் கூர்மையான மேல்சுரங்களை அது சத்தமில்லாமல் விழுங்கிக்கொள்கிறது. மைக்செட்காரரின் ஸ்பீக்கர் பெட்டியில் உச்ச ஒலிக்கென்று உள்ள ஹார்னோ அத்தனையையும் அப்படியே கூட்டத்தின் காதில் கொட்டிவிடும். பெடலுக்கும் மிக்ஸருக்கும் நடுவே கிடார் ஸ்பீக்கரைப்போல் ஒலியை வடிகட்டும் ஒரு கேபினெட் சிமுலேட்டர் வைத்தால் பாதிப் புகார் தீர்ந்துவிடும். அது இல்லையென்றால் உங்கள் சேனலில் ஹை குமிழைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்தக் குமிழ் பெரும்பாலும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழுதாக வேலை செய்யும் என்பதால், மிட் குமிழ் வேலை செய்யும் இடத்தை நகர்த்த வசதியிருந்தால் 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலும் கொஞ்சம் வெட்டச் சொல்லலாம்.

இனி கெயின். மேடையில் அதைப் பாதிக்கு மேல் திருகுபவர்களில் பலர் உண்மையில் தேடுவது பெடலின் மொத்தச் சத்தத்தை ஏற்றும் லெவல் குமிழைத்தான். 1979இல் வந்த டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல்களில் கெயின் குமிழ் சிக்னலை ஏறத்தாழ 12 மடங்கிலிருந்து 118 மடங்கு வரை பெருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் டயோடுகள் சுமார் அரை வோல்ட்டைத் தாண்டியதும் அலையின் தலையை மழுக்கிவிடுகின்றன. அதற்குப் பிறகு குமிழைத் திருகத் திருகச் சத்தம் அதிகம் ஏறாது. கரகரப்பும் இரைச்சலும்தான் ஏறும். சீரியல் பல்ப் தோரணமும் ஜெனரேட்டரும் பக்கத்தில் இருக்க, மின் இரைச்சலை எளிதில் பிடித்துக்கொள்ளும் சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிடார் வைத்திருப்பவருக்கு இது இரட்டைத் தண்டனை.

கெயினைக் கடிகாரத்தின் 9 மணி நிலையில் தொடங்கி, லெவலைத் தாராளமாக ஏற்றுங்கள். இடையிசையில் சுரத்தை வளைத்து இழுத்து நிறுத்தும் இடங்களுக்கு மட்டும் 12 மணி வரை போகலாம். முழு கார்டு வாசிக்கும்போது பெடலைத் தொடாமல் கிடாரின் வால்யூமை 7க்கு இறக்கினாலே போதும், கார்டு தெளிந்துவிடும். என்னைக் கேட்டால், கீபோர்டு பின்னால் நிறைந்து ஒலிக்கும் பாட்டில் ஓவர்டிரைவோடு முழு கார்டே வேண்டாம். மூலச்சுரமும் பஞ்சமமும் போதும்.

மேல்சுரங்களைக் கூட்டிக் குறைக்கும் டோனைக் கடைசியில் தொடுங்கள். கெயினை மாற்றினால் மேல்சுரங்களின் அளவும் மாறிவிடும். வீட்டில் வைத்த அளவை மேடைக்குக் கொண்டுபோகவும் கூடாது. குறைந்த சத்தத்தில் நம் காதுக்குக் கீழ்ச்சுரங்களும் உச்சச்சுரங்களும் மங்கலாகவே கேட்கும். அதை ஈடுகட்ட வீட்டில் ஏற்றி வைத்த டோன், மேடைச் சத்தத்தில் குத்தும். 9 மணியில் வைத்து, குழு முழுவதும் வாசிக்கும்போது சிறிது சிறிதாக ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மந்தமாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். குழுவில் வேறு யாரையாவது கிடாரை மீட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் இறங்கிப்போய் ஹார்னுக்கு நேர் எதிரே நின்று கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உறுமல் இருந்தால் அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரியில் வாசித்துப் பாருங்கள். உறுமல் நின்றால் அடாப்டரை மாற்றுங்கள்.